ஆர்ட் கார்டு வேண்டாம்: ஸ்க்ராப்புக் பக்கங்களை வீட்டிலேயே அச்சிட எந்தத் தாள்?

கேள்வி இதுதான்: “மகளின் முதல் வருடத்தை 40 பக்க டிஜிட்டல் ஸ்க்ராப்புக் ஆல்பமாக, கம்ப்யூட்டரிலேயே படமும் எழுத்தும் அலங்காரமும் சேர்த்துச் செய்துவைத்திருக்கிறேன். எல்லாப் பக்கமும் 12×12 அங்குலம். வீட்டில் நான்கு நிற இங்க் டேங்க் பிரிண்டர் இருக்கிறது, ஏ4 அளவுதான் போகும். கடையில் கேட்டால் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு வாங்கிக்கோங்க, கெட்டியா நிக்கும் என்கிறார். தோழி கிளாஸி போட்டோ பேப்பர்தான் சரி என்கிறாள். எதை வாங்க?”

இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். ஆர்ட் கார்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கட்டைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுக்க முடியுமா பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. விசிட்டிங் கார்டு, காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அந்த மாதிரி அட்டையில்தான் அடிக்கிறார்கள். நல்ல பிரிண்ட் வேண்டும் என்று கேட்டால் அவர் கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். ஆனால் அவர்கள் அடிப்பது ஆஃப்செட்டில், இல்லாவிட்டால் பெரிய டிஜிட்டல் பிரஸ்ஸில். உங்கள் வீட்டு டேங்க் பிரிண்டர் இங்க்ஜெட், அதாவது மையைத் துளித்துளியாகத் தெளிப்பது. அது வேறு ரகம்.

ஆஃப்செட் மை எண்ணெய்ப் பசையுள்ள கெட்டி மை. அது உள்ளே இறங்காமல் மேலேயே பளபளவென்று நிற்பதற்காக, சீனக்களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் கலந்து பூசி, உருளையில் கொடுத்து மெருகேற்றியதுதான் ஆர்ட் பேப்பர், ஆர்ட் கார்டு எல்லாம். டேங்க் பிரிண்டரின் மையோ பெரும்பகுதி தண்ணீர். வாழையிலையில் ரசத்தை ஊற்றினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். நான் ஸ்டுடியோ வேலைக்குப் போன புதிதில், அக்கா மகனின் பிறந்தநாள் பக்கம் ஒன்றை ஆசையாக ஆர்ட் கார்டில் அடித்தேன். ஸ்க்ரீனில் கருநீல வானம். தாளில் திட்டுத் திட்டாகக் குளம் கட்டி நின்றது. மறுநாள் காலையில் தொட்டாலும் விரலில் நீலம். அதோடு விட்டதா? உள்ளே உருளையில் ஒட்டிக்கொண்ட மை, அடுத்த பத்துத் தாள்களின் முதுகில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. முதலாளி என்ன சொன்னார் என்பது இங்கே தேவையில்லை.

ஆகவே தாள் வாங்கும்போது எல்லாரும் முதலில் கேட்கும் “எத்தனை ஜிஎஸ்எம்?” என்ற எடைக் கேள்வியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். முதல் கேள்வி “இதன்மேல் இங்க்ஜெட் பூச்சு இருக்கிறதா?” என்பதுதான். அந்தப் பூச்சில் சிலிக்கா அல்லது அலுமினா துகள்கள் இருக்கும். துகள்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். மைத்துளி விழுந்தவுடன் தண்ணீரை அவை உறிஞ்சிக்கொள்ள, நிறம் மட்டும் விழுந்த இடத்திலேயே மேலாக நின்றுவிடும். அதனால்தான் அதே பிரிண்டர், அதே படம், சாதாரண ஜெராக்ஸ் தாளில் சோகையாகவும் பூச்சுத் தாளில் உயிரோடும் வருகிறது. ஜெராக்ஸ் தாளில் மை நார் வழியே பக்கவாட்டில் ஓடுகிறது, ஆழமாகவும் இறங்கிவிடுகிறது.

கவரில் ‘இங்க்ஜெட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு பழைய தந்திரம் உண்டு. விரல் நுனியை லேசாக ஈரமாக்கி, தாளின் ஓரத்தில் ஒரு நொடி வைத்து எடுங்கள். இங்க்ஜெட் பூச்சு உள்ள பக்கம் விரலைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். பூச்சு இல்லாத பக்கம் சும்மா இருக்கும். எந்தப் பக்கம் அச்சிட வேண்டும் என்று குழம்பும்போதும் இதே சோதனை உதவும். பின்பக்கம் சாய்வாகத் தாள் வைக்கும் பிரிண்டரில் அச்சுப் பக்கம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும்; முன்பக்க டிரேயில் அது கீழே பார்த்திருக்க வேண்டும். நூறு தடவை செய்தவர்களும் நூற்றி ஒன்றாவது தடவை மாற்றி வைப்பார்கள்.

நம் ஊர்க் கடைகளில் இங்க்ஜெட் பூச்சுத் தாள் மூன்று வகையாகக் கிடைக்கிறது. ‘போட்டோ பேப்பர்’ என்று 180, 210, 230 என்ற எண்களோடு மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காஸ்ட் கோட்டட். முன்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னும், பின்பக்கம் வெறும் காகிதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முழுப் பக்கமும் நிறம் நிரம்பிய ஸ்க்ராப்புக் தாளை அதில் அடித்தால், முன்பக்கம் ஈரம் குடிக்க, பின்பக்கம் காய்ந்தே இருக்க, தாள் அப்பளம் சுட்டது போல வளைந்து வரும். இரண்டாவது ஆர்சி, அதாவது ரெசின் கோட்டட். காகிதத்தை இரண்டு பாலித்தீன் படலங்களுக்கு நடுவே வைத்து அதன்மேல் பூச்சு. ஸ்டுடியோ பிரிண்ட் கையில் எடுத்தால் வரும் அந்தத் திடம் இதில் இருக்கும். ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் இழை நீளும். இதிலேயே கிளாஸியும் உண்டு, சிறு புள்ளி அமைப்போடு மங்கலாக மின்னும் லஸ்டர், சாட்டின் வகைகளும் உண்டு. மூன்றாவது மேட் கோட்டட். மின்னவே மின்னாது, தொட்டால் நல்ல டிராயிங் தாள் மாதிரி இருக்கும். இருபக்கமும் பூச்சு உள்ள மேட் தாளும் கிடைக்கும்.

இடையில் ஒன்று. வீட்டில் இருப்பது லேசர் பிரிண்டர் என்றால் இந்த மூன்றில் எதையும் அதில் விடவேண்டாம். முக்கியமாக ஆர்சி. லேசரின் உள்ளே டோனரை உருக்கி ஒட்டும் உருளை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓடும். பாலித்தீன் உருகி அதைச் சுற்றிக்கொண்டால் பழுது பார்க்கும் செலவில் புதுப் பிரிண்டரே வாங்கிவிடலாம்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது மேட். “போட்டோ என்றால் கிளாஸிதானே?” என்று தோழி கேட்பார். போட்டோவுக்குச் சரி. நீங்கள் அச்சிடப்போவது போட்டோ அல்ல, பக்கம். டிஜிட்டல் ஸ்க்ராப்புக் பக்கத்தில் என்னென்ன இருக்கும்? கிழிந்த காகித ஓரம், கிராஃப்ட் தாளின் நார், துணிப் பூ, தைத்தது போன்ற நூல், ஒட்டியது போன்ற டேப், ஒவ்வொன்றுக்கும் அடியில் மெல்லிய நிழல். எல்லாமே பொய்த் தோற்றம்தான். ஆனால் அந்தப் பொய்யில்தான் பக்கத்தின் அழகு. கிளாஸி தாள் என்ன செய்கிறது என்றால், நூல், துணி, காகிதம் எல்லாவற்றின் மேலும் ஒரே பளபளப்பைப் பூசி, “இது வெறும் பிரிண்ட்” என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பினால் குழந்தை முகத்தின் மேல் ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். மேட் தாளில் அந்த நிழலைக் கண் நம்பிவிடுகிறது. நான் அச்சிட்டுக் கொடுத்த பக்கங்களைப் பார்த்து, ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கிளாஸியில் அடித்துக் கொடுத்ததை யாரும் நெருடியதில்லை.

மேட்டுக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது. இரவு விளக்கொளியில் எடுத்த படங்கள், கருஞ்சிவப்புப் பட்டுப்புடவை மடிப்புகள், கறுத்த முடியின் இழைகள் எல்லாம் ஒன்றாக அப்பிக்கொள்ளும். அச்சிடும் முன் பக்கத்தின் இருண்ட பகுதிகளைச் சற்றே தூக்கிவிடுங்கள். ஸ்க்ரீனில் கொஞ்சம் வெளுத்தது போலத் தெரிந்தால் தாளில் சரியாக இருக்கும். போனிலோ லேப்டாப்பிலோ வெளிச்சத்தை முழுக்க வைத்துக்கொண்டு டிசைன் செய்பவர்களுக்கு எந்தத் தாளில் அடித்தாலும் இருட்டாகத்தான் வரும். அந்தப் பழியைத் தாள்மேல் போட்டுப் பிராண்ட் பிராண்டாக மாற்றுவார்கள்.

படங்கள் மட்டும் மின்ன வேண்டும் என்று ஆசையா? பக்கத்தை மேட்டில் அடியுங்கள், படம் வரும் இடத்தைக் காலியாக விட்டு. படங்களைத் தனியாக லஸ்டர் தாளில் அடித்து வெட்டி ஒட்டுங்கள். பாதி டிஜிட்டல், பாதி கைவேலை. 40 பக்கத்துக்கும் செய்தால் கை ஓய்ந்துவிடும். பெயர் சூட்டிய நாள், முதல் பிறந்தநாள் என்று நாலைந்து பக்கத்துக்குச் செய்யலாம்.

இப்போது ஜிஎஸ்எம்முக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆக 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 300 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று கிட்டத்தட்ட 19 கிராம். எடைதான், தடிமன் அல்ல. மேட் தாள் பஞ்சு போலப் புடைத்திருக்கும், கிளாஸி அழுத்திச் செறிவாக இருக்கும். அதனால் 200 ஜிஎஸ்எம் மேட், 230 கிளாஸியைவிடக் கையில் கெட்டியாகத் தெரிவது உண்டு. இங்கிலீஷ் வீடியோக்களில் 65 பவுண்டு, 80 பவுண்டு, 110 பவுண்டு கார்டுஸ்டாக் என்று சொல்வார்கள். அமெரிக்கக் கணக்கு அது. அட்டைக் கணக்கில் 65 பவுண்டு என்பது சுமார் 176 ஜிஎஸ்எம், 80 என்பது சுமார் 216, 110 என்பது கிட்டத்தட்ட 300.

உங்களுக்கு 300 தேவையே இல்லை. பக்கங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் போகப்போகின்றன என்றால் 170 முதல் 220 வரை போதும். உறையே தாளைத் தாங்கும். 40 தாள் 170 ஜிஎஸ்எம்மில் 425 கிராம். 300இல் முக்கால் கிலோ. உறையும் ஃபைலும் சேர்ந்தால் பாட்டி மடியில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது பெரிய வித்தியாசம். அதற்காக ரொம்பக் கீழேயும் போகாதீர்கள். 108 ஜிஎஸ்எம் மேட் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. எழுத்து நிறைய, நிறம் கம்மி என்றால் சரி. முழுப் பக்க நிறம் விழுந்தால் நனைந்த வேட்டி மாதிரி அலை அலையாக வந்துவிடும்.

பிரிண்டரும் சம்மதிக்க வேண்டும். தாள் பின்பக்கத்திலிருந்து சாய்வாக இறங்கி முன்னால் வரும் மாடல் என்றால் தடித்த தாள் ஏறக்குறைய நேராகப் போகும். முன்பக்க டிரேயில் உள்ளே போய்த் திரும்பி முன்பக்கமே வரும் மாடல் என்றால் தாள் யூ வளைவு எடுக்க வேண்டும். தடித்த அட்டை அங்கே மாட்டும், அல்லது வளைவிலேயே பூச்சு வெடிக்கும். உங்கள் மாடலின் கையேட்டில் அதிகபட்ச ஜிஎஸ்எம் போட்டிருக்கும். தடித்த தாளைக் கட்டாக வைக்காமல் ஒவ்வொன்றாக ஊட்டுங்கள். பொறுமை இருக்கும் நாளில் மட்டும் இந்த வேலையை ஆரம்பியுங்கள்.

அளவு விஷயத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 12×12 என்பது அமெரிக்க ஸ்க்ராப்புக் அளவு, ஒரு பக்கம் 304.8 மில்லிமீட்டர். ஏ4இல் போகாது என்று உங்களுக்கே தெரியும். பலர் “ஏ3 பிரிண்டர் இருந்தால் போதும்” என்று நினைக்கிறார்கள். ஏ3இன் அகலம் 297 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் குறைகிறது! அதற்கு ஏ3 பிளஸ் வேண்டும், 329×483. அந்த அளவு பிரிண்டர் விலையும் தாள் விலையும் வேறு தளம். நாற்பது பக்கத்துக்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். 12×12தான் வேண்டும் என்று நின்றால் கோப்பை எடுத்துக்கொண்டு, கல்யாண ஆல்பம் அடிக்கும் கலர் லேபுக்குப் போங்கள். 12×36 விரிப்புகளில் கரிஷ்மா ஆல்பம் போடுகிறவர்களுக்கு உங்கள் 12×12 ஒரு விஷயமே இல்லை. ஒரு விரிப்பில் மூன்று பக்கம் வரும்.

வீட்டில்தான் அச்சிட வேண்டும் என்றால் 8×8 ஆக்குங்கள். 8 அங்குலம் என்பது 203 மில்லிமீட்டர், ஏ4இன் அகலம் 210. இரண்டு ஓரமும் மூன்றரை மில்லிமீட்டர் விளிம்பு விட்டு அப்படியே உட்காரும். பெரும்பாலான பிரிண்டர்கள் கேட்கும் விளிம்பும் சுமார் 3 மில்லிமீட்டர்தான். உங்கள் பிரிண்டர் முரண்டுபிடித்து ஓரத்தைக் கடித்தால் 7.9 அங்குலமாகக் குறையுங்கள், யாருக்கும் தெரியாது. 12 அங்குலத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் செய்திருந்தால் உங்கள் கோப்பு 3600×3600 பிக்சல் இருக்கும். எட்டு அங்குலத்துக்குள் அது 450 ஆக நெருங்கும், கூர்மை கூடத்தான் செய்யும். எழுத்துதான் சிறுக்கும். 12 அங்குலத்தில் 10 பாயிண்டில் எழுதியது 8இல் ஏழுக்கும் கீழே போய்விடும். தமிழ் எழுத்தில் ஒற்றும் சுழியும் அந்த அளவில் மேட் தாளில் அடைத்துக்கொள்ளும். குறிப்புகளை 13, 14 பாயிண்டுக்குத் தூக்குங்கள். மெல்லிய கோட்டு எழுத்துரு வேண்டாம்.

‘பார்டர்லெஸ்’ பொத்தானைத் தொடாதீர்கள். அதில் பிரிண்டர் படத்தைச் சற்றுப் பெரிதாக்கித் தாளுக்கு வெளியே வழியவிடும். நீங்கள் அளந்து வைத்த சட்டமும் ஓரத் தையலும் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் காணாமல் போகும்.

அடுத்து மை. இதைப் பார்க்காமல் தாள் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போல. இங்க்ஜெட் மை இரண்டு வகை. டை என்பது நீரில் சர்க்கரை மாதிரி கரைந்த சாயம். நிறம் துடிப்பாக இருக்கும், தண்ணீர் பட்டால் ஓடும், வெயிலில் சீக்கிரம் மங்கும். பிக்மென்ட் என்பது நீரில் மிதக்கும் நுண்துகள். நிறம் கொஞ்சம் அடக்கம், ஆனால் நீடிக்கும், நீரைத் தாங்கும். வீட்டு டேங்க் பிரிண்டர்களில் வண்ணங்கள் பெரும்பாலும் டை. கேனன் ஜி வரிசையின் பல மாடல்களிலும் எச்பி ஸ்மார்ட் டேங்கிலும் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. இது ஏன் முக்கியம் என்றால், அந்தப் பிக்மென்ட் கறுப்பு கிளாஸி பூச்சுக்குள் இறங்காது. மேலேயே கரிபோல நிற்கும். அது பிரிண்டருக்குத் தெரியும். அச்சிடும்போது திரையில் வரும் ‘பேப்பர் டைப்’ பட்டியலில் நீங்கள் கிளாஸி என்று சொன்னால், அது கறுப்பு டேங்கைத் தொடாமல் மூன்று வண்ணத்தையும் கலந்து கறுப்பை உண்டாக்கும். நீங்கள் மறந்துபோய் பிளெய்ன் பேப்பர் என்று விட்டுவிட்டால், கறுப்பை அள்ளி ஊற்றும். “போட்டோ பேப்பரில் எழுத்தெல்லாம் விரலோடு வருகிறது, தாள் சரியில்லை” என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

பேப்பர் டைப் என்ற அந்த ஒரு பட்டியல்தான் எவ்வளவு மை, எந்தக் கறுப்பு, எவ்வளவு நிதானமான ஓட்டம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மேட் பூச்சுத் தாளுக்கு ‘மேட்’. ஆர்சிக்கு ‘கிளாஸி’. வேறு கம்பெனித் தாள் என்றால் பெயர் பொருந்தாது. நெருங்கிய இரண்டு மூன்று பெயர்களில் ஒரே பக்கத்தைச் சின்னதாக அடித்துப் பார்த்து, நன்றாக வந்த பெயரைத் தாள் கவரின் மேலேயே எழுதிவையுங்கள். இன்றைக்கு நினைவிருக்கும், ஆறு மாதம் கழித்து இருக்காது.

பூச்சில்லாத அழகான தாள்கள் மேல் ஆசை வரும். எனக்கும் வந்தது. புதுச்சேரி போனால் அரவிந்தர் ஆசிரமக் கைவினைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வர முடியாது. பருத்தி நார், பூவிதழ் பதித்தது என்று கொள்ளை அழகு. ஆனால் அதை பிரிண்டரில் விடுவதற்கு முன் யோசியுங்கள். தளர்ந்த நார் உதிர்ந்து மைமுனையில் ஒட்டும், பூவிதழ் உருளையில் சிக்கும். அதைப் பின்னணித் தாளாக வைத்து, அச்சிட்ட பக்கத்தை மேலே ஒட்டுங்கள், அதுதான் அதற்கு மரியாதை. பழுப்புக் கிராஃப்ட் தாளில் அச்சிடலாமா என்றும் கேட்பார்கள். நம் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்று நீங்கள் நினைப்பது தாளின் வெள்ளைதான். கிராஃப்டில் குழந்தையின் பல்லும் கண்ணின் வெள்ளையும் பழுப்பாகத்தான் வரும். எழுத்து மட்டும் என்றால் அருமையாக இருக்கும். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கும் பாண்ட் பேப்பரும் எழுத்துக்குத்தான், படத்துக்கு அல்ல.

எத்தனை வருடம் இருக்கும்? இதைத்தான் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் பெரியவளாகிப் பார்க்க வேண்டுமே.

உங்கள் வீட்டுப் பரணில் 80களின், 90களின் ஆல்பம் ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். தடித்த அட்டையில் கோடு கோடாகப் பசை, அதன்மேல் மூடும் பிளாஸ்டிக் தாள், ஒட்டி எடுத்து மறுபடி ஒட்டலாம் என்று விற்றார்கள். இன்றைக்கு அந்தப் பசை பழுப்பேறி, பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு, படத்தை எடுத்தால் படம் கிழிகிறது. அதைவிடப் பழைய, கறுப்பு அட்டையில் மூலை வைத்துச் செருகி நடுவே பட்டர் பேப்பர் போட்ட தாத்தா காலத்து ஆல்பத்தில் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. நிறைய வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். படத்தைக் கெடுப்பது காலம் மட்டுமில்லை, படத்தோடு சேர்த்து வைக்கும் பொருளும்தான்.

தாளில் இரண்டு எதிரிகள். ஒன்று அமிலம், இன்னொன்று மரக்கூழில் இருக்கும் லிக்னின். செய்தித்தாள் ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் மஞ்சளாவதற்கு லிக்னின் காரணம். கவரில் ‘ஆசிட் ஃப்ரீ’, ‘லிக்னின் ஃப்ரீ’ என்று இருந்தால் நல்லது. நிலைத்த தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 என்ற தரவிதி, பிஎச் 7.5 முதல் 10 வரை இருக்க வேண்டும், பின்னாளில் வரும் அமிலத்தை முறிக்கக் குறைந்தது 2 சதவீதம் கால்சியம் கார்பனேட் அளவுக்குக் காரம் கையிருப்பாக இருக்க வேண்டும் என்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் போட்டோ பேப்பர் கவரில் இந்த எண்ணைப் பார்த்தால் அதிர்ஷ்டம்தான்.

அளவுக்கு மீறிய வெள்ளையும் சந்தேகத்துக்குரியது. துணிக்குப் போடும் சொட்டு நீலம் போல, தாளிலும் ஒளியூட்டும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுப்பதால் தாள் பளீரென்று தெரிகிறது. வருடங்கள் போகப் போக அந்தப் பொருள் செத்துவிட, வெள்ளை மஞ்சளாக இறங்கும். கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு எங்காவது கிடைத்தால் தாளை அதன்கீழ் பிடித்துப் பாருங்கள். ரூபாய் நோட்டின் தாள் இருண்டே கிடக்கும், ஜெராக்ஸ் தாள் நீலமாகக் கொதிக்கும். சற்றுத் தந்த நிறமாக, குறைவாக மின்னும் மேட் தாள் கிடைத்தால் அதையே எடுங்கள். குழந்தைப் படங்களுக்கு அந்த இளஞ்சூடு பொருந்தவும் செய்யும்.

மை மங்குவதற்கு வெயில் மட்டும் காரணமல்ல, காற்றும். 2000ஆம் ஆண்டில் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்கள், நீண்ட நாள் நிலைக்கும் படங்கள் என்ற பேரோடு வந்தன. ஒரு குறிப்பிட்ட கிளாஸி தாளில் அடித்த படங்கள் சிலர் வீட்டில் சில நாட்களிலேயே ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பின. காற்றிலுள்ள ஓசோன் அந்தத் தாளின் துளைகள் வழியே நீலச் சாயத்தைத் தின்றுவிட்டதுதான் காரணம். மையை உடனே உறிஞ்சிக் காயவைக்கும் அதே துளைகள் காற்றுக்கும் கதவு. கண்ணாடிக்குள் வைத்த படங்கள் தப்பித்தன. ஆகவே டை மையில் அடிக்கும் நீங்கள் உறையில் வைப்பது கட்டாயம். பிரிண்டர் கம்பெனியின் மையையே ஊற்றுங்கள். லிட்டர் கணக்கில் மலிவாக வரும் மையை ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உறை பிவிசி வேண்டாம். புது ரெக்ஸின் பையைத் திறந்தால் மூக்கில் ஏறும் வாசனை அடித்தால் அது பெரும்பாலும் பிவிசி. அதை இளக்கச் சேர்த்த எண்ணெய் நாளடைவில் கசிந்து படத்தோடு ஒட்டும். பாலிப்ரோப்பிலீன் என்று போட்ட ஷீட் புரொடெக்டர் எல்லா ஸ்டேஷனரியிலும் இருக்கிறது. சென்னையில் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். தாளும் ஃபைலும் அங்கே தொட்டுப் பார்த்து, பேரம் பேசி வாங்கலாம். இணையத்தில் வாங்கினால் தொட முடியாது, அதுதான் குறை.

அச்சிட்ட உடனே உறையில் போட்டுவிடாதீர்கள். தொட்டால் காய்ந்தது போல இருக்கும். உள்ளே மையில் கலந்திருக்கும் கிளைகால் என்ற, மெதுவாகக் காயும் திரவம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டால் உறையின் உள்பக்கம் பனி படர்ந்தது போல மங்கும். பத்து நிமிடம் விரித்துவைத்து, பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஜெராக்ஸ் தாள் வைத்து அடுக்கி, ஒரு நாள் விடுங்கள். ஃபேனுக்கு நேர்கீழே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையையே தள்ளிப்போடுவது உத்தமம். ஈரக்காற்றைத் தாள் அச்சிடும் முன்பே குடித்திருக்கும், நிறத்தின் ஓரங்கள் கசியும். பிரித்த கட்டை ஜிப் கவரில் போட்டு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, படுக்கை வசமாக வையுங்கள். பீரோவில் நிறுத்திவைத்த தாள் கூன் விழுந்துதான் வெளியே வரும்.

சரி, பட்டியலாகச் சொன்னால்தான் கடைக்குப் போக வசதி என்பீர்கள். இருபக்கப் பூச்சு தேவையில்லை. ஒருபக்க மேட், 170இலிருந்து 220க்குள், ஏ4, 50 தாள். பத்துத் தாள் வீணாகும் என்று கணக்கு. முதலில் முழுக்கட்டு வாங்காமல் இருபது தாள் சிறு பாக்கெட் ஒன்று வாங்கி, ஒரே தாளில் நாலு பக்கத்தைச் சிறிதாக அடுக்கிச் சோதித்துப் பாருங்கள். சோதனைக்கு அழகான பக்கத்தை எடுக்காதீர்கள், மிக இருண்ட பக்கத்தையும், மிகச் சிறிய எழுத்துள்ள பக்கத்தையும், தோல் நிறம் அதிகம் உள்ள பக்கத்தையும் எடுங்கள். அந்தச் சோதனைத் தாளைப் பாதி மறைத்து வெயில் விழும் ஜன்னலில் மூன்று வாரம் ஒட்டிவைத்தால், உங்கள் மையும் தாளும் எப்படிப்பட்ட ஜோடி என்று அதுவே காட்டிவிடும். இருபது உறை வாங்குங்கள். இரண்டிரண்டு பக்கமாக முதுகோடு முதுகு சேர்த்துச் செருகினால் நாற்பதும் அடங்கும்.

இன்னொன்று. 8×8 ஆக வெட்டிவிடாதீர்கள். சதுர உறை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும், ஏ4 உறை தெருமுனையிலேயே இருக்கிறது. பக்கத்தைத் தாளின் மேல்பகுதியில் வைத்து அச்சிட்டால் கீழே ஒன்பது சென்டிமீட்டர் வெள்ளையாக மிஞ்சும். மேட் தாளில் பேனா ஓடும், கிளாஸியில் ஜெல் பேனா காயவே காயாது. பிக்மென்ட் மை உள்ள மெல்லிய டிராயிங் பேனா ஒன்று வாங்கி, தாத்தா பாட்டியிடம் பக்கத்துக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். அச்சு காய்ந்த மறுநாள்தான் கொடுக்க வேண்டும், அடியில் மெத்தென்று ஒரு பழைய வாரப் பத்திரிகை வைத்து.